முடிச்சைக் கிள்ளிப் பார்த்துத் தீவனம் வெட்டுங்கள்: கௌபி, கிளிரிசிடியா, இப்பில்-இப்பில் வளர்ப்போருக்கு

பெரும்போக வெட்டு முடிந்த மாசி, பங்குனியில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் புரதத்துக்குத்தான். தண்ணீரைக் கழித்து உலர் எடையில் பார்த்தால் வைக்கோலில் புரதம் 3 முதல் 5 சதவீதம். மாட்டின் முதல் இரைப்பையில் நாரைக் கரைக்கும் நுண்ணுயிர்களுக்கோ, தின்னும் மொத்தத் தீவனத்தில் 7 சதவீதமாவது புரதம் வேண்டும். அதற்குக் கீழே போனால் அவை பெருகாது, வைக்கோல் வயிற்றிலேயே தேங்கி நிற்கும், மாடு தின்பதையே குறைத்துவிடும். கௌபிக் கொடியோ கிளிரிசிடியா இலையோ சேர்த்துப் போடச் சொல்வது இந்த 7 சதவீதத்தைத் தாண்டத்தான்.

ஆனால் கௌபி எல்லாம் ஒரே கௌபி அல்ல. ஒரு கணக்குப் போடுவோம். 230 கிலோ எடையுள்ள நாட்டுப் பசு நாளுக்கு 5 கிலோ வைக்கோல் தின்கிறது. அதில் உலர் எடை 4.5 கிலோ, புரதம் 4 சதவீதம் என்று வைத்தால் 180 கிராம். இதோடு 7 கிலோ பச்சைக் கௌபி போடுகிறீர்கள். உலர் எடை ஏறக்குறைய 1.2 கிலோ. வேரில் முடிச்சுகள் நன்றாக வேலை செய்த கௌபியில் 20 சதவீதம் புரதம் இருந்தால் 240 கிராம் சேரும். மொத்தம் 5.7 கிலோவில் 420 கிராம், அதாவது 7.4 சதவீதம். கோட்டைத் தாண்டியாயிற்று. அதே கொடி முடிச்சு வேலை செய்யாமல் மஞ்சளித்து 13 சதவீதத்தில் நின்றால் 156 கிராம்தான் சேரும், மொத்தம் 5.9 சதவீதம். இதை 7க்குக் கொண்டுவர 7 கிலோவுக்குப் பதிலாக 13 கிலோ கொடி வேண்டும். மஞ்சளித்த தோட்டம் விளைச்சலும் குறைவாகத் தரும் என்பதால் அந்த 13 கிலோவுக்கு இரண்டு மடங்குக்கு மேல் நிலம் தேவைப்படும்.

முடிச்சுக்குள் என்ன நடக்கிறது

அவரையினச் செடிகளின் வேரில் புகுந்து முடிச்சுக் கட்டும் பற்றீரியாக்களைப் பொதுவாக றைசோபியம் என்கிறோம். கௌபி, கச்சான், பயறு போன்றவற்றில் இருப்பவை பெரும்பாலும் மெதுவாக வளரும் பிராடிறைசோபியம். ஒல்லாந்து நாட்டவரான மார்ட்டினஸ் பெயரிங்க் 1888இல் இவற்றை முடிச்சிலிருந்து தனியே பிரித்தெடுத்தார். செடி இவற்றுக்குச் சீனி கொடுக்கிறது. இவை காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. இந்த வேலையைச் செய்யும் நொதியம் ஒட்சிசன் பட்டால் கெட்டுவிடும். பற்றீரியாவுக்கோ மூச்சுவிட ஒட்சிசன் வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒட்சிசனை அளந்து கொடுப்பது லெக்ஹீமோகுளோபின் என்ற செந்நிறப் பொருள். வேலை நடக்கும் முடிச்சை வெட்டினால் உள்ளே சிவப்பாக இருப்பது இதனால்தான்.

வந்த நைதரசனில் பெரும்பங்கு இலைக்குப் போகிறது. அது குறைந்தால் தீவனம் இரண்டு வழியில் கெடும். முதலாவது, இலையில் புரதம் குறையும். இரண்டாவது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை: நைதரசன் போதாத செடி பழைய இலையிலிருந்து அதை உருவிக் கொழுந்துக்கு அனுப்பும், அடி இலை மஞ்சளித்து உதிரும், மிஞ்சுவது தண்டு. தண்டில் புரதம் இலையில் உள்ளதில் பாதிக்கும் குறைவு, நார் அதிகம், செமிப்பதும் மந்தம். சில அவரையினங்களில் வளம் குறைந்த நிலத்தில் துவர்ப்பும் கூடும். துவர்ப்பு கூடினால் இருக்கிற புரதமும் மாட்டுக்கு முழுதாகச் சேராது.

இலை, தண்டு விகிதத்தை வீட்டிலேயே பார்க்கலாம். பூக்கும் பருவத்தில் நாலைந்து இடங்களில் வெட்டிய ஒரு கிலோ கொடியை எடுத்து இலை வேறு, தண்டு வேறாக உருவி, இரண்டையும் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து நிறுங்கள். இலை பாதிக்குக் குறைந்தால் ஒன்று வெட்டப் பிந்திவிட்டது, இல்லையேல் வேரில் கோளாறு.

தோண்டிப் பார்க்கும் முறை

முளைத்து 5 முதல் 6 கிழமை சரியான நேரம். இரண்டு மூன்று கிழமையில் முடிச்சு கண்ணுக்குத் தெரியத் தொடங்கினாலும் வேலை ஒழுங்காக நடப்பதை அப்போது தீர்மானிக்க முடியாது. காய் முற்றும்போது தோண்டினால் முடிச்சு பழுத்து உதிரும் காலம். நல்ல தோட்டமும் கெட்டதாகத் தெரியும். மண் ஈரமாக இருக்கும் நாளில் தோண்டுங்கள்.

செடியைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் முடிச்சு முழுக்க மண்ணோடு நின்றுவிடும், ‘முடிச்சே இல்லை’ என்று தவறாக முடிவு கட்டுவீர்கள். தண்டிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி மண்வெட்டியைச் செங்குத்தாக இறக்கி, நாலு பக்கமும் வெட்டி, 20 சென்ரிமீற்றர் ஆழத்தோடு மண்கட்டியாகக் கிளப்புங்கள். அப்படியே தண்ணீர் வாளியில் கால் மணி நேரம் ஊறவிட்டு மெதுவாக ஆட்டினால் மண் கழன்று வேர் முழுதாக வெளிவரும். தோட்டத்தின் வெவ்வேறு இடங்களில் பத்துச் செடியாவது பாருங்கள். வரம்போரச் செடிகளை விட்டுவிடுங்கள்.

கௌபியில் முடிச்சு உருண்டையாக, மிளகளவில் இருக்கும். ஆணிவேரின் மேற்பகுதியில் பத்துக்கு மேல் கூட்டமாக இருந்தால் நல்ல அறிகுறி. முளைத்த கையோடு பற்றீரியா வேரைப் பிடித்திருக்கிறது. பக்கவேர் நுனியில் மட்டும் சிதறிக் கிடந்தால் பிந்திப் பிடித்திருக்கிறது. பிறகு ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி, உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

சிவப்பு அல்லது கடும் இளஞ்சிவப்பு: வேலை நடக்கிறது. பச்சை, மண்ணிறம்: வேலை செய்து ஓய்ந்தது, அல்லது வறட்சியில், தண்ணீர் தேங்கியதில் செத்தது. வெள்ளை: பற்றீரியா உள்ளே இருக்கிறது, செடியின் சீனியைத் தின்கிறது, நைதரசன் தருவதில்லை. சின்னச்சின்ன வெள்ளை முடிச்சு வேர் முழுவதும் நூற்றுக்கணக்கில் கிடந்தால் சந்தோஷப்பட எதுவுமில்லை. எண்ணிக்கை கூடி நிறம் இல்லாததுதான் மோசமான வேர். மிக இளசான முடிச்சும் வெள்ளையாக இருக்கும் என்பதால்தான் ஐந்து கிழமைக்கு முன் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

வாகரை, கல்குடா, திருக்கோவில் பக்க மணலில் இன்னொரு குழப்பம் வரும். வேர்முடிச்சு வட்டப்புழு உண்டாக்கும் வீக்கத்தைப் பலர் நல்ல முடிச்சென்று எண்ணுகிறார்கள். பற்றீரியா முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் கழன்று வரும். புழு வீக்கம் வேரே தடித்தது. தள்ளினால் வேர்தான் அறும், உள்ளே சிவப்பும் இராது. அது கண்ட இடத்தில் அடுத்த தடவை கௌபி போடாதீர்கள்.

கச்சானில் முடிச்சு பக்கவேர் கிளைக்கும் மூலைகளில்தான் இருக்கும், ஆணிவேரில் கூட்டமாகத் தேடினால் ஏமாற்றம். இப்பில்-இப்பிலில் நீள்வாட்டாகவும் சிலவேளை பவளம்போல் கிளைத்தும் காணப்படும். கிளிரிசிடியா வளர்ந்த மரமானால் அடிமரத்தருகே தோண்டுவது வீண். கொஞ்சம் தள்ளி மேல்மண்ணில் ஓடும் மெல்லிய வேர்களில், அதுவும் மாரியில், தேடுங்கள். ஆடி ஆவணிக் காய்ச்சலில் முடிச்சுகள் உதிர்ந்திருப்பது வழமை.

பொதி வாங்கு முன் மூன்று துண்டு நிலம்

விதையில் பூசும் பற்றீரியாவை அடைத்த றைசோபியம் பொதி கிடைத்தால் நல்லதுதான். ஆனால் கௌபிக்கு எல்லா நிலத்திலும் அது தேவைப்படாது. கௌபி, பயறு, கச்சான் ஆகியவை ஒரே கூட்டத்துப் பற்றீரியாவைப் பகிர்ந்துகொள்பவை. இவை பயிரிட்ட மண்ணில் பற்றீரியா எக்கச்சக்கமாக இருக்கும். அவை சோம்பேறி இனமாக இருந்தாலும் எண்ணிக்கையில் அதிகம் என்பதால், நீங்கள் விதையில் தடவும் நல்ல இனத்தை முந்திக்கொண்டு வேரைப் பிடித்துவிடும். ஆகவே காசு கொடுக்கு முன் சோதியுங்கள்.

2 மீற்றர் அகலம், 5 மீற்றர் நீளத்தில் மூன்று துண்டு. மூன்றுக்கும் ஒவ்வொன்றுக்கு 100 கிராம் டீ.எஸ்.பி. (பொசுபரசு உரம்), 75 கிராம் எம்.ஓ.பி. (பொட்டாசு உரம்) அடியுரமாகப் போடுங்கள். முதல் துண்டில் வெறும் விதை. இரண்டாவதில் பற்றீரியா பூசிய விதை. மூன்றாவதில் வெறும் விதையோடு 220 கிராம் யூரியா: முளைத்து 2 கிழமையில் 110, 4 கிழமையில் 110. பற்றீரியாத் துண்டைக் கடைசியாக விதையுங்கள். கையிலும் மண்வெட்டியிலும் ஒட்டிக்கொண்டு அது மற்றத் துண்டுக்கும் போய்விடும். நிலம் சரிவானால் அந்தத் துண்டு பள்ளப் பக்கம் இருக்கட்டும்.

ஆறு ஏழு கிழமையில் பாருங்கள். யூரியாத் துண்டு கரும்பச்சை, மற்ற இரண்டும் மஞ்சள் என்றால் மண்ணில் நல்ல பற்றீரியா இல்லை, நீங்கள் போட்டதும் பிடிக்கவில்லை. வெறும் துண்டு மட்டும் மஞ்சள் என்றால் பொதிக்குக் கொடுக்கும் காசு தகும். மூன்றும் ஒரே பச்சையாக, வேரில் சிவந்த முடிச்சோடு இருந்தால் பொதி வேண்டாம். மூன்றும் கட்டையாக நின்றால் நைதரசனை விட்டுவிட்டு வேறு குறையைத் தேடுங்கள்: பொசுபரசு, கந்தகம், உவர், தண்ணீர். இந்தச் சோதனைக்குச் செலவாவது ஏறக்குறைய முக்கால் கிலோ உரம்; அதைச் செய்யாமல் ஏக்கர் கணக்கில் யூரியா கொட்டுவதுதான் உண்மையான நட்டம்.

விதையில் பூசுவது

பொதியில் எந்தப் பயிருக்கென்று எழுதியிருக்கிறதோ அதற்கே போட வேண்டும். கண்டியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் சோயாவுக்கென்று றைசோபியம் உருவாக்கியிருக்கிறது. சோயாப் பொதியைக் கௌபிக்குப் பூசி முழுப் பலனை எதிர்பார்க்க முடியாது. இப்பில்-இப்பில் அதைவிடத் தெரிவு பார்க்கும் மரம். கௌபியின் பற்றீரியா அதற்கு ஒத்துவராது. புதிய நிலத்தில் இப்பில்-இப்பில் முதல் வருடம் முழுவதும் மஞ்சளாக, முழங்கால் உயரத்தில் நிற்பதற்கு முக்கிய காரணங்களில் இது ஒன்று. உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் பயிரின் பெயர் சொல்லிக் கேளுங்கள். காலாவதித் திகதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பொதி உயிருள்ள பொருள். ஏன் இவ்வளவு கவனம் என்பதற்குக் கணக்கு இதோ. கிராமுக்கு 10 கோடி பற்றீரியா உள்ள 200 கிராம் பொதியில் மொத்தம் 2000 கோடி. கௌபி 100 விதை 13 கிராம் என்றால் 10 கிலோவில் ஏறத்தாழ 77,000 விதை. விதைக்கு இரண்டரை இலட்சம் வீதம் விழும். கௌபி அளவு விதைக்கு ஓர் இலட்சமாவது வேண்டும் என்பது பொது அளவுகோல். பொதி மத்தியான வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடந்து பத்தில் ஒன்பது பங்கு செத்தால் விதைக்கு 26,000தான் மிச்சம். பொதியைப் பார்த்தால் வித்தியாசம் எதுவும் தெரியாது. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைய விடாதீர்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நிழலில் வைத்து, ஓரிரு நாளில் பயன்படுத்திவிடுங்கள்.

ஒட்டுவதற்கு வடித்த சோற்றுக் கஞ்சி போதும், நன்றாக ஆற வேண்டும், உப்புப் போட்டிருக்கக் கூடாது. அல்லது 300 மில்லிலீற்றர் தண்ணீரில் 30 கிராம் சீனி. 10 கிலோ விதைக்கு 300 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம்; கூடினால் கௌபித் தோல் சுருங்கி வெடிக்கும், முளைப்பு விழும். விதையை நிழலில் படங்கில் கொட்டி, கஞ்சியைத் தெளித்துப் புரட்டி, விதை மினுமினுக்கும்போது 200 கிராம் பொதியைத் தூவி, ஒவ்வொரு விதையிலும் கறுப்புப் படியும்வரை கையால் புரட்டுங்கள். அரை மணி நேரம் நிழலில் உலரவிட்டு, பின்னேரம் ஈர மண்ணில் 3 முதல் 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் விதைத்து உடனே மூடுங்கள். மறுநாளுக்கு மீந்த விதையை மறுபடி பூசித்தான் போட வேண்டும்.

கெடுப்பவை: சுண்ணாம்பு முதலிடம். புளிப்பு மண்ணில் விதைக்கு வெள்ளைப் பூச்சு நல்லது என்று கேள்விப்பட்டு, சிப்பிச் சூளைச் சுண்ணாம்பைத் தூவுகிறார்கள். அது பற்றீரியாவை எரித்துவிடும். வேண்டுமானால் சுடாத சுண்ணக்கல் மாவு, அல்லது மாவாய் அரைத்த டொலமைட். அடுத்தது பூஞ்சண நாசினி பூசிய விதை. கப்ரான், தைரம் பூசியிருந்தால் பற்றீரியாவை விதையில் தடவாமல், ஈரமான தூர்ந்த எருவில் கலந்து சாலில் இடுங்கள். மூன்றாவது, டீ.எஸ்.பி.யோடு விதையைக் கலந்து ஒரே கையால் விதைப்பது. உரத்தின் புளிப்பு பற்றீரியாவைக் கொல்லும். உரம் விதைக்குக் கீழே, நடுவே மண் இருக்கட்டும்.

பொதி கிடைக்காவிட்டால் மண் மாற்றுவது பழைய, நம்பத்தகுந்த வழி. சிவந்த முடிச்சு உள்ளதென்று நீங்கள் கிள்ளிப் பார்த்த அதே பயிரின் வேரடியிலிருந்து, மேலே 5 சென்ரிமீற்றரைச் சுரண்டித் தள்ளிவிட்டு, அதன் கீழ் மண்ணை எடுங்கள். வெயில் படாமல் அன்றே புதிய நிலத்தில் சால்களில் தூவி மூடுங்கள். கால் ஏக்கருக்கு இரண்டு மூன்று உரப்பை மண் வேண்டும். வட்டப்புழுவோ வாடலோ கண்ட நிலத்து மண் வேண்டாம். பற்றீரியாவோடு அதையும் குடியேற்றுவீர்கள். கிளிரிசிடியா, இப்பில்-இப்பில் நாற்றுப் பைகளுக்குப் பழைய மரத்தடி மண் பைக்கு ஒரு கைப்பிடி போதும். கிளிரிசிடியாவைத் தடியாக நடும்போதும் குழிக்கு இரண்டு கைப்பிடி போடுங்கள், தடியோடு பற்றீரியா வருவதில்லை.

இப்பில்-இப்பில் விதையின் தோல் கடினம். மூன்று பங்கு கொதிநீரோடு ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 80 பாகை வரும். அதில் விதையை 3 நிமிடம் விட்டு, வடித்து, பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். பற்றீரியா பூசுவது விதை முழுக்க ஆறிய பிறகுதான்.

நம்முடைய மண்ணில் வரும் வில்லங்கங்கள்

கரையோர மணலில் மத்தியான வேளை மேல்மண் 40 பாகையைத் தாண்டும். ஈரமும் நில்லாது. பூசிய பற்றீரியா முளைக்கு முன்பே சாகும். ஐப்பசி மழை மண்ணை இரண்டு மூன்று முறை நன்றாக நனைத்த பிறகு விதைத்து, மேலே வைக்கோல் பரப்புங்கள். வைக்கோலைக் கொத்தி மண்ணுக்குள் புதைத்தால் அது அழுகும்போது மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ளும், இளங்கன்று மஞ்சளிக்கும்.

மஞ்சளிப்பது பற்றி ஒன்று. முளைத்து இரண்டு மூன்று கிழமையில், விதையிலிருந்த நைதரசன் தீர்ந்து முடிச்சு இன்னும் வேலை தொடங்காத இடைவெளியில், கௌபி கொஞ்சம் வெளிறுவது இயல்பு. 18ஆம் நாள் வெளிறலைக் கண்டு யூரியா எறிவதுதான் இந்தப் பயிரில் ஆகக் கூடுதலாக நடக்கும் பிழை. யூரியா மண்ணில் மாறி நைத்திரேற்று ஏறினால் செடி முடிச்சுக்குச் சீனி அனுப்புவதை நிறுத்திவிடும். சத்தற்ற மணலில் அடியுரமாக ஏக்கருக்கு 10 கிலோ யூரியா வரை போகலாம், அதற்குமேல் வேண்டாம்.

பட்டி அடைத்த நிலத்துக்கும் இதே கதை. மாடு பல மாதம் படுத்த இடத்தில் கௌபி போட்டால் கரும்பச்சையாக வரும், வேரில் முடிச்சு இராது. பயப்படத் தேவையில்லை, புரதமும் குறையாது, செடி எருவிலுள்ள நைதரசனையே எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்த எருவைக் கௌபிக்குக் கொடுப்பது வீண். அங்கே சீ.ஓ. 3 புல்லோ சோளமோ நட்டு, அவரையினத்தை வளம் குறைந்த துண்டுக்கு அனுப்புங்கள்.

பள்ளக்காணியில் கார்த்திகை, மார்கழி வெள்ளம் சில நாள் நின்றால் கௌபி முடிச்சு கறுத்து அழுகும், முடிச்சுக்கும் காற்று வேண்டும். அப்படிப்பட்ட வயலில் பெரும்போகத்தில் தீவனக் கௌபியை நினைக்காதீர்கள். வெட்டு முடிந்து மிச்ச ஈரத்தில் விதையுங்கள். மாரியில் வைத்தே தீரவேண்டுமென்றால் வரப்பில் அகத்தி நிற்கட்டும். வாவிக்கரை உவர்நிலத்தில் செடி சாகாமல் நின்றாலும் முடிச்சுக் கட்டுவது முதலில் தடைப்படும். பற்றீரியா உப்பைத் தாங்கும், வேர்மயிரில் அது நுழையும் கட்டம்தான் தாங்காது. மாரி மழை உப்பைக் கழுவிய பிறகு, மேட்டுப் பாத்தியில் விதைப்பது ஓரளவு கைகொடுக்கும்.

உரத்தில் முதன்மையானது பொசுபரசு. நைதரசன் பிடிக்கும் வேலைக்குச் சக்தி அதிகம் செலவாகும், பொசுபரசு இல்லாமல் அது நடவாது. கௌபிக்கு ஏக்கருக்கு 40 கிலோ டீ.எஸ்.பி., 30 கிலோ எம்.ஓ.பி. விதைக்கு முன். எப்பாவல பாறைப் பொசுபேற்று மெதுவாகக் கரைவது. கிளிரிசிடியா வேலிக்குச் சரி, 50 நாள் பயிருக்குச் சரிவராது. மழை கழுவிய மணலில் கந்தகமும் குறையும். டீ.எஸ்.பி.யில் கந்தகம் அநேகமாக இல்லை என்பதால் ஏக்கருக்கு 40 கிலோ ஜிப்சம் சேர்த்தால் நல்லது. கந்தகம் இல்லாவிட்டால் நைதரசன் வந்தாலும் முழுப் புரதமாகாது.

மொலிப்டினம், கோபாற்று இரண்டும் முடிச்சுக்கு அணுவளவு வேண்டும். கோபாற்று மாட்டின் இரைப்பை நுண்ணுயிருக்கும் வேண்டும், இரண்டு இடத்திலும் பீ12 விற்றமின் செய்யத்தான். ஆனால் மண் பரிசோதிக்காமல் மொலிப்டினம் வாங்கித் தெளிக்காதீர்கள். தீவனத்தில் அது கூடினால் மாட்டின் உடலில் செம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும், மயிர் வெளிறும், கழிச்சல் வரும்.

எப்போது வெட்டுவது

கௌபியில் பாதிச் செடி பூத்து, முதற் பிஞ்சு இறங்கும் நேரம், இனத்தைப் பொறுத்து 45 முதல் 60 நாள். முடிச்சு உச்சத்தில் இருப்பதும் இலை அதிகமாக இருப்பதும் அப்போதுதான். காய் நிரம்பத் தொடங்கியதும் செடி இலையின் நைதரசனை விதைக்கு மாற்றும், முடிச்சுக்குச் சீனி போவது குறையும். காய் பறித்த கொடியும் தீவனம்தான், வைக்கோலைவிட எவ்வளவோ மேல். ஆனால் மேலே போட்ட கணக்கில் அதை 20 சதவீதமாக எடுக்கக் கூடாது.

மரவகைகளில் ஒவ்வொரு வெட்டும் முடிச்சைத் தாக்கும். இலை போனால் சீனி போயிற்று, முடிச்சில் ஒரு பகுதி உதிரும், துளிர் வந்தபின் புதிது கட்டும். அதனால் மொட்டையடிக்காதீர்கள். கிளிரிசிடியா, இப்பில்-இப்பிலை முக்கால் முதல் ஒரு மீற்றர் உயரத்தில் வெட்டி, இரண்டொரு இலைக் கொப்பை விட்டுவையுங்கள். மாரியில் 6 முதல் 8 கிழமை இடைவெளி, கோடையில் 10 முதல் 12. கோடையில் மாதத்துக்கொரு முறை வெட்டிய வேலி அடுத்த மாரியில் வெளிறி எழும்புவது இதனால்தான்.

தொட்டியில்

எந்த அவரையினத்தையும் ஒரே நாளில் முழு அளவு போடாதீர்கள். நாளுக்கு ஒரு கிலோவில் தொடங்கி 7 முதல் 10 நாளில் கூட்டுங்கள். பசித்த மாட்டுக்கு மழை நனைந்த கௌபியை முதலில் போட்டால் வயிறு ஊதும். வைக்கோலைத் தின்ன விட்டுப் பிறகு போடுங்கள். அழுக்கணவனுக்கு மருந்தடித்த தோட்டமானால் போத்தலில் போட்டுள்ள இடைவெளி நாள் முடியும்வரை கொடியைத் தொடாதீர்கள்.

கிளிரிசிடியாவின் மணம் பிடிக்காத மாட்டுக்கு இலையை ஓர் இரவு வாடவிட்டுக் கொடுங்கள். பரப்பி வாட்ட வேண்டும். குவித்தால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அந்த இலையில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் உண்டாகும்.

இப்பில்-இப்பில் உலர் எடையில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இலையிலுள்ள மிமோசின் என்ற நஞ்சு கூடினால் வால்மயிர் உதிரும், கழுத்துச் சுரப்பி வீங்கும், கன்று மெலியும். அதன் வேரில் வாழும் சில றைசோபியம் இனங்கள் மிமோசினை உடைத்துத் தின்னக்கூடியவை. ஆனால் அது அவற்றின் சொந்தச் சாப்பாடு, இலையிலுள்ளதைக் குறைக்காது. இலையின் நஞ்சை உடைப்பது வேறொரு பற்றீரியா. அவுஸ்திரேலியரான றேமண்ட் ஜோன்ஸ், ஹவாய்த் தீவு ஆடுகள் இப்பில்-இப்பிலைத் தின்றும் நோயில்லாமல் இருப்பதைக் கவனித்ததிலிருந்து இரைப்பையில் தேடிக் கண்டது. 1992இல் அதற்கு சினர்ஜிஸ்டீஸ் ஜோன்சி என்று பெயரிட்டார்கள். உங்கள் பட்டியில் அது இருக்கிறதென்று நம்பி அளவைக் கூட்டாதீர்கள்.

ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்புவதானால் நிழலில் காயவைத்த அரைக்கிலோ போதும். அங்கே நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். கௌபி முடிச்சிலிருந்து நைதரசன் யூரைட் என்ற வடிவில் தண்டு வழியே ஏறுவதால், அந்த எண்ணில் கொஞ்சம் இன்னும் புரதமாகாத நைதரசனும் சேர்ந்திருக்கும். மாட்டின் இரைப்பை நுண்ணுயிர் அதையும் பயன்படுத்திக்கொள்ளும் என்பதால் கவலையில்லை.

ஆய்வுகூடம் இல்லாதபோது சாணத்தைப் பாருங்கள். வெறும் வைக்கோல் தின்ற மாட்டின் சாணம் அடுக்கடுக்காக, இறுகி, நீளநீளமான நாரோடு விழும். சரியான கொடியைச் சரியான அளவில் போட்ட ஒரு கிழமைக்குள் அது இளகி நார் குறுக வேண்டும், தொட்டியில் மிஞ்சும் வைக்கோலும் குறைய வேண்டும். பத்து நாளாகியும் மாறவில்லையா? முதலில் கொடியை நிறுத்துப் போடுகிறீர்களா என்று பாருங்கள். ‘ஒரு கட்டு’ என்பது மூன்று கிலோவாகவும் இருக்கும், எட்டுக் கிலோவாகவும் இருக்கும். எடை சரியென்றால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் வேரைக் கிளப்பிப் பாருங்கள்.